அண்ணன் சுட்ட ரொட்டி

மார்ச் 4, செவ்வாய்

அண்ணன் கடையில் இன்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: "ஏம்மா, பேக்கரியில உக்காந்துக்கிட்டு ரொட்டி சாப்பிடக் கூடாதுன்னா இது என்ன கொடுமை?" சிரித்தேன். மூன்று வாரமாக எல்லாருக்கும் இதே சிரிப்பைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதை எழுதியாவது வைக்கிறேன், அப்போதாவது மண்டையில் ஏறட்டும். எனக்கு வந்திருப்பது சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறது. மாவுக்கு இழுவை கொடுப்பது அதுதான். என் உடம்பு அதைப் பகையாளி என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது, அடி விழுவதோ என் குடலுக்கு. இத்தனை வருடமாக இரத்தம் ஊறாதது, வயிறு உப்புசம், வாய்ப்புண் எல்லாம் இதன் கைவரிசைதானாம். மாத்திரை கிடையாது. சாப்பிடாமல் இருப்பதே மருந்து. ஒரு துணுக்குகூட ஆகாது. ஆயுசு முழுக்க.

அண்ணனிடம் சொன்னபோது அவர் கையைக்கூடத் துடைக்காமல் அப்படியே நின்றார். அப்பா அம்மா போன பிறகு இந்தக் கையால் மாவு பிசைந்துதான் என்னை வளர்த்தார். "நம்ம மாவு உனக்கு ஆகாதா?" என்றார். அவரையே ஆகாது என்று நான் சொன்ன மாதிரி இருந்தது அந்தக் குரல்.

மார்ச் 9, ஞாயிறு

சமையலறையைக் காலி செய்தோம். சோயா சாஸில் கோதுமை. சூப் பொடியில் கோதுமை. பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் கோதுமை மாவு! "பெருங்காயமே, நீயுமா?" என்று என் வீட்டுக்காரர் அதன் தலையில் குட்டினார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். டப்பா டப்பாவாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

இதோடு சேர்த்து இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடுவது என்று முடிவு. அவருடைய தொந்தி லிஃப்ட் குழிக்குள் இறங்க மறுக்கிறதாம். தட்டில் பாதி காய்கறி, பொரித்தது வேண்டாம், மாலையில் நடை. கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்ட பிஸ்கட் பாக்கெட் ஒன்றை ஆசையாக எடுத்தேன். குளூட்டன்தான் இல்லை, அந்த இடத்தையும் சேர்த்துச் சர்க்கரை பிடித்துக்கொண்டிருந்தது. வைத்துவிட்டேன்.

சோறு, முட்டை, கீரை, மீன், பழம். இவ்வளவு இருக்கிறதே உலகத்தில். பிறகு ஏன் மனசு ரொட்டியிலேயே போய் நிற்கிறது?

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் தூக்கம் வரவில்லை! கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இது நானா?

ஏப்ரல் 2, புதன்

அண்ணன் எனக்காக ரொட்டி செய்யக் கிளம்பிவிட்டார். பின்பக்கம் சாமான் போடும் அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, புது மேஜை, புது அச்சுகள், புதுச் சல்லடை. "மைதா வாசனைகூட இங்க வராது. உனக்குன்னே தனி அறை." அரிசி மாவு, கிழங்கு மாவு, இன்னும் என்னென்னவோ.

முதல் ரொட்டி செங்கல். இரண்டாவதை வெட்டக் கத்தி இறங்கவில்லை. மூன்றாவது நடுவில் குழிந்து, மேலே வெடித்து, வாயில் போட்டால் மணல். "இதை வெச்சு வீடு கட்டலாம் மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். அண்ணன் சிரிக்கவில்லை. முப்பது வருடம் ரொட்டி சுட்டவர். அவர் மாவு சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதை நான் பார்த்ததே இல்லை.

ஆனாலும் மணல் ரொட்டியை மென்று விழுங்கினேன். உடம்பு ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

எழும்பிவிட்டது!

காலையில் நான் கடைக்குப் போனபோது அண்ணன் துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். எடுத்தால், பொன்னிறமாக, குன்று மாதிரி. அழுத்தினேன், அமுங்கி மறுபடி மேலே வந்தது. பிய்த்தேன், நார் நாராக வந்தது. வாயில் வைத்ததும் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாய் நிறைய ரொட்டியோடு.

"எப்படிண்ணா?"

"கை பக்குவம்."

அவ்வளவுதான் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருக்கும்.

மே 6, செவ்வாய்

கடைக் கண்ணாடியில் புது எழுத்து: 'கோதுமை இல்லாத ரொட்டி இங்கே கிடைக்கும்.' யார் யாரோ வருகிறார்கள். எங்களைப் போல இத்தனை பேர் இதே ஊருக்குள் இருந்தோமா? வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றே: "நம்பி வாங்கலாமா?" அண்ணன் கல்லாப் பக்கம் கையைக் காட்டுவார். "என் தங்கச்சிக்கும் அதேதான். அவ தெனமும் சாப்பிடறா. கேட்டுக்கங்க." நான் தலையாட்டுவேன். பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த தெருவில் தைக்கிற பெண் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம் போகிற பெண். வீட்டில் 'சிட்டு' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் சீலியாக், வயசுக்கு வளர்த்தி இல்லை. துண்டு ஒன்றை வாங்கிக் கடித்துவிட்டு, "இது நெஜ ரொட்டிம்மா!" என்று அம்மாவின் கையைப் பிடித்துக் குதித்தாள்.

மே 28, புதன்

வாய்ப்புண் திரும்பிவிட்டது. நாக்கின் ஓரத்தில் இரண்டு. வயிறும் சரியில்லை. என்ன சாப்பிட்டேன்? நேற்று வீட்டுக்காரரின் சிநேகிதர் வீட்டில் குடித்த தண்ணீரா? அங்கே டம்ளரைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டார்களோ?

ஜூன் 10, செவ்வாய்

பற்பசையை மாற்றினேன். மரக்கரண்டிகளைத் தூக்கிப் போட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

குளூட்டனோடு உடம்பு போடும் சண்டை எவ்வளவு என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனை. டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"குறைஞ்சிருக்கணும்மா. ஏறியிருக்கு. எங்கயோ சாப்பிடறீங்க."

"இல்ல டாக்டர்."

"வெளியில? ஆசைக்கு ஒரு துண்டு கேக்? கடையிலேயே இருக்கீங்க, தப்புன்னு சொல்லலை, மனுஷங்கதானே."

"சத்தியமா இல்ல டாக்டர்."

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. ஆனால் என்னவோ எழுதினார். 'நோயாளி உண்மை சொல்லவில்லை' என்றுதான் எழுதியிருப்பார். கடையில் பறக்கிற மாவும் காரணமாக இருக்கலாம், முடிந்தால் அங்கே உட்கார வேண்டாம் என்றார்.

ஜூன் 25, புதன்

என் வீட்டுக்காரரும்!

சட்டையை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார்: "கோவப்படாதே. ஒரே ஒரு தடவைகூட இல்லையா? என்கிட்ட சொன்னா என்ன?" நான் என்ன திருடியா? நாலு மாசமா பொங்கின சோத்தையும் அவிச்ச முட்டையையும் தின்னுட்டு, யார் வீட்டுக்குப் போனாலும் பச்சத்தண்ணி போதும்னு உக்காந்துட்டு வரேன். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி. தட்டை வெச்சேன்னு சொல்ல மாட்டேன், போட்டேன். உடையலை. அதுக்கும் சேர்த்து அழுதேன்.

அண்ணன் மட்டும்தான் ஒன்றும் கேட்கவில்லை. "நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். தலையைத் தடவினார்.

ஜூலை 13, ஞாயிறு

கடைக்குப் போவதை நிறுத்திப் பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. மாவு பறக்காத வீடு. ஜன்னலைச் சாத்தி உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் குறையவில்லை. பாவாடை நாடா இன்னும் ஒரு சுற்று வருகிறது. விரல் நுனிகள் மரத்துப் போகின்றன.

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறேன். பருப்பை நிறுத்தினேன், எந்தக் கிடங்கில் எதோடு கலந்ததோ. மீனை நிறுத்தினேன். பாலை நிறுத்தினேன். பழத்தைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஆரோக்கியமாகச் சாப்பிடலாம் என்று ஆரம்பித்தோம், இப்போது சாப்பாட்டைப் பார்த்தாலே இதில் எது என்னைக் கடிக்கப் போகிறது என்றுதான் தோன்றுகிறது. மிச்சம் இருப்பது சோறு, முட்டை, அண்ணன் ரொட்டி.

அண்ணன் தினமும் காலையில் தானே கொண்டுவந்து தருகிறார், சூடாக, வெள்ளைத் துணியில் சுற்றி. இன்று என்னைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். "இப்படி மெலிஞ்சுட்டியேம்மா." சாயங்காலம் இன்னொரு ரொட்டி அனுப்பியிருந்தார்.

ஜூலை 30, புதன்

நாலு நாள் முன்னால் குளியலறையில் விழுந்துவிட்டேன். வீட்டுக்காரர்தான் கதவை நெம்பித் திறந்து தூக்கினாராம். எனக்கு நினைவில் இருப்பது ஆஸ்பத்திரி விளக்குதான். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலை மறுபடி பார்த்தார்கள். உள்ளே புல்வெளி மாதிரி இருக்க வேண்டிய இடம் மொட்டையாகக் கிடக்கிறதாம்.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினால் நல்ல சேதியாக இருக்காது. "நீங்க சொல்றதை நம்பறேன். நம்பினா, ரெண்டாவது ஒரு சாத்தியம் இருக்கு. சிலருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கே இது அடங்கறதில்லை. பெருசா மாறும்." பெருசா என்றால்? அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். இங்கே எழுத மாட்டேன். குடலில் கிள்ளியெடுத்த சதைத்துணுக்கை இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வர நாளாகும்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் கேட்டதுக்கு மன்னிச்சுடு" என்றார். அவர் என்னைச் சந்தேகப்பட்ட நாளே இதைவிட நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தையல்காரப் பெண் வீட்டுக்கு வந்தாள். கடையில் என்னைக் காணோம் என்று விசாரித்து வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, ஒன்னு கேக்கணும். நீங்க அந்த ரொட்டி இன்னும் சாப்பிடறீங்கதானே?"

"தினமும் சாப்பிடறேன். ஏன்?"

"சிட்டுவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். நிக்க முடியலை அவளால. நான்தான் எதையோ கொடுத்துட்டேன்னு எல்லாரும் என்னைத் திட்டறாங்க. எங்க வீட்டுக்காரர், மாமியார், டாக்டர் எல்லாரும். வீட்டுல கோதுமைன்னு ஒரு பொட்டு இல்லக்கா. ரொட்டி ஒன்னுதான் வெளியில வாங்கறேன். ஆனா அது நீங்களே சாப்பிடறது. அதான் நேர்ல பார்த்துட்டுப் போகலாம்னு..."

அப்போதுதான் அவள் என்னைச் சரியாகப் பார்த்தாள். என் கன்னத்தை, கழுத்தெலும்பை. மேஜைமேல் வெள்ளைத் துணியில் காலை ரொட்டி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

இல்லை. இருக்காது. அண்ணன் தனி அறை ஒதுக்கினாரே.

ஆகஸ்ட் 9, சனி

எழுதியே ஆகணும்.

விடிந்ததும் கடைக்குப் போனேன். அண்ணன் முன்பக்கம் ஓவனுக்குத் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். பின்பக்க அறைக்குள் போனேன். அச்சுகளில் மாவு பொங்கி நின்றது. ஒரு உருண்டையைக் கிள்ளினேன்.

புது மைதா மூட்டை வந்தால் தரம் பார்க்க அண்ணன் ஒன்று செய்வார். பிசைந்த மாவைத் தண்ணீரில் கழுவுவார். வெள்ளையெல்லாம் ஓடிப்போகும், கடைசியில் ரப்பர் மாதிரி குளூட்டன் மட்டும் கையில் நிற்கும். நிறைய நின்றால் நல்ல மைதா. எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அரிசி மாவில் அப்படி எதுவும் நிற்காது. எல்லாம் கரைந்து போய்விடும்.

குழாயைத் திறந்தேன். பால் மாதிரி ஓடியது. ஓடட்டும், முழுசாக ஓடிவிடட்டும், கை வெறுமையாகட்டும் என்று வேண்டிக்கொண்டே கசக்கினேன். தண்ணீர் தெளிந்தது. உள்ளங்கையில் அது இருந்தது. பழுப்பு நிறத்தில், பிசுபிசுவென்று. இழுத்தேன், நீண்டது.

திரும்பினால் அண்ணன் வாசலில் நிற்கிறான்.

"ஒரு பிடிதான்" என்றான். நான் இன்னும் ஒன்றும் கேட்கவேயில்லை.

"ஒரு பிடிக்கு இவ்வளவு நிக்காதுண்ணா."

"எழும்ப மாட்டேங்குதும்மா. என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். ஒரு நாள் கொஞ்சம் போட்டேன். நீ தின்னுட்டு அழுதே. சந்தோஷத்துல அழுதே. அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் கேட்டு ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. வர்றவங்களும் ஒன்னும் ஆகலைன்னுதானே திரும்பத் திரும்ப வாங்கறாங்க? இத்துனூண்டு மாவு ஒரு ஆளை என்ன பண்ணிடும்? நீ பொறந்ததுலேர்ந்து சாப்பிட்டது."

"நான் மெலியறதைப் பார்த்தியே. தினமும் வந்து பார்த்தியே."

"வேற ஏதோ வியாதின்னு நெனச்சேன்."

"நெனச்சுக்கிட்டு ரெண்டு ரொட்டியா கொடுத்தனுப்பினே."

சத்தியமா சொல்றேன், அவன் முகத்துல கள்ளமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. விட்டா அடிபட்டதே அவன்தான்னு பாக்கறவங்க நெனப்பாங்க. "கண்ணாடியில இருக்கறதை அழிச்சுடு, வாங்கினவங்ககிட்ட சொல்லு"ன்னு கேட்டேன். "சொன்னா கடையே போயிடும். மெதுவா நிறுத்திடறேன். நீ சும்மா இரு, உன்னை வளர்த்தவன் கேக்கறேன்"னு கையைப் பிடிச்சான். கையெல்லாம் மாவு. உதறிட்டு வந்துட்டேன்.

சிட்டுவுக்கு நான்தானே தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எழுந்து போய் வீட்டில் இருந்த ரொட்டியை எடுத்துக் குப்பையில் போட்டார், துணியோடு.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடைவாசலில் போய் நின்றேன். நிற்க முடியாது என்று அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், பக்கத்திலேயே நின்றார். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். டாக்டரைத் தேடி ஓடினாள்.

அந்த ரொட்டிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "இதுல கோதுமை இருக்கு. நானும் ஏமாந்தேன். வாங்காதீங்க. ஏற்கெனவே வாங்கினவங்க தெரிஞ்சா சொல்லுங்க." ஒரு பெரியவர் பையைக் கீழே போட்டுவிட்டு என்னையே முறைத்தார். "நீதானேம்மா தெனமும் சாப்பிடறேன்னு சொன்னே?" ஆமாம், நான்தான். ஒருவர் உள்ளே போய் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். விலக்கிவிட என் வீட்டுக்காரர்தான் போக வேண்டியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் அண்ணன் வெளியே வந்தான். ஈரத்துணியால் கண்ணாடியில் இருந்த எழுத்தைத் துடைத்தான். நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. எழுத்து சுலபமாகப் போகவில்லை, நகத்தால் சுரண்டினான்.

செப்டம்பர் 3, புதன்

சதைத்துணுக்கின் முடிவு வந்தது. அந்தப் பெரிய வியாதி இல்லை. டாக்டரம்மா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "ஆனா பக்கத்துல போயிட்டு வந்திருக்கீங்க. குடல் திரும்ப முளைக்க வருஷக்கணக்கு ஆகும். முழுசா முளைக்கும்னும் சொல்ல முடியாது."

நகரசபை ஆட்கள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களாம். யார் புகார் கொடுத்தது என்று உறவுக்காரர்கள் என்னைக் கேட்கிறார்கள். "கூடப் பொறந்தவனைக் கடைத்தெருவுல நிறுத்திட்டியே" என்றாள் சித்தி. கொடுத்தது நானில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொடுத்தது தையல்காரப் பெண். அவளுக்கு முன்னால் நான் போயிருக்க வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பருப்பு சாப்பிட்டேன். பயந்து பயந்து. ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 15, சனி

இரத்தத்தில் அந்த அளவு பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. நாக்கில் புண் இல்லை. அவர் தொந்தியும் இறங்கியிருக்கிறது, அதைத்தான் முதலில் எல்லாருக்கும் காட்டுகிறார்.

சிட்டு பள்ளிக்கூடம் போகிறாள். பாதி நாள்தான், நடந்தால் கால் வலிக்கிறதாம். எலும்பில் சத்து குறைந்துவிட்டதாம். தெருவில் பார்த்தேன். அவள் அம்மா தலையசைத்தாள். சிட்டுவுக்கு நான் ஒரு பழம் நீட்டினேன். வாங்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரம். கதவைத் திறந்ததும் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையைத் திறந்துவிட்டாராம், பழையபடி சாதா ரொட்டி மட்டும். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், கையில் மாவு காய்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அவர் எதுவும் கொண்டுவராமல் வந்தது இதுதான் முதல் தடவை.

"தேறிட்டே."

"ம்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார். எழுந்துகொள்ள மேஜையில் கையை ஊன்றினார். வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் படி வரைக்கும் போனேன். தெருமுனை திரும்பும் வரை நின்றேன்.

பிறகு உள்ளே வந்து டம்ளரைக் கழுவினேன். மேஜையைத் துடைத்தேன். நாற்காலியை, கதவுக் கைப்பிடியை, நிலையைத் துடைத்தேன். துணியைச் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டேன்.